ரோமாபுரி எங்கும் ஓடாது: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம், இத்தாலிப் பயணம். பலேர்மோவில் அக்கா, நேப்பிள்ஸில் மருமகன் என்று நம்மவர்களில் பலருக்கு அங்கே ஓர் உறவு இருக்கிறது, அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, கோடை முடிகிற நேரத்தில் இத்தாலி போக நினைக்கிறவர்களுக்கே இந்தப் பக்கங்களைக் கொடுத்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறது.

நிலாவெளியிலிருந்து ஒரு வாசகர்

கேள்வி: நானும் மனைவியும் சின்ன விருந்தினர் விடுதி ஒன்று நடத்துகிறோம். ஓகஸ்ட் 10 முதல் 24 வரை இத்தாலியைச் சுற்றிப் பார்க்கத் திட்டம். மிலான், வெனிஸ், பீசா, புளோரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ், அமால்ஃபி, பலேர்மோ எல்லாம் போட்டிருக்கிறோம். அம்மாவும் வருகிறார், எழுபது தாண்டிவிட்டது. வெயில் நமக்குப் பழக்கம்தானே. திட்டம் சரியா?

பதில்: இல்லை அண்ணை. தேதியும் சரியில்லை, ஊர்களின் எண்ணிக்கையும் சரியில்லை.

முதலில் தேதி. ஓகஸ்ட் 15 அங்கே பெரிய விடுமுறை, ஃபெராகோஸ்தோ என்பார்கள். அகஸ்டஸ் சக்கரவர்த்தி காலத்து ஓய்வுநாள், பிறகு மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் அதே தேதியில் சேர்ந்துகொண்டது. ஒரு நாளோடு முடிந்தால் பரவாயில்லை, முன்னும் பின்னுமாக இரண்டு கிழமைக்கு நாடே கடற்கரைக்குக் குடிபெயர்ந்துவிடும். நகரத்துக்குள் குடும்பமாக நடத்துகிற நல்ல சாப்பாட்டுக் கடைகள் பல, கதவில் ஒரு துண்டை ஒட்டிவிட்டுப் பூட்டிக் கிடக்கும். கடற்கரை ஊர்களிலோ அறை வாடகை உச்சத்தில் நிற்கும். விடுதிக்காரருக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை, சீசனில் நீங்கள் போடுகிற விலையைத்தான் அவர்களும் போடுகிறார்கள்.

வெயில் பழக்கம் என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் இங்கே எப்படிக் காயும் என்று எனக்கும் தெரியும், ஆனால் அந்த நாட்களில் யாராவது மத்தியான வெயிலில் நான்கு மணித்தியாலம் நடக்கிறோமா? ரோமில் அதைத்தான் செய்யப்போகிறீர்கள். கல் பாவிய தெரு, நிழலே இல்லாத இடிபாடுகள், இரவு எட்டு மணிவரை வெளிச்சம். சிசிலி இன்னும் மோசம். 2021 ஓகஸ்ட் 11 அன்று சிராக்கூசாவுக்குப் பக்கத்தில் 48.8 பாகை செல்சியஸ் பதிவாகி, ஐரோப்பாக் கண்டத்தின் உச்ச வெப்பநிலை என்று உலக வானிலை அமைப்பு அதைப் பிறகு உறுதிப்படுத்தியது. எல்லா வருடமும் அப்படி இல்லை, சரி. ஆனாலும் அம்மாவோடு போகிறவர் அந்தப் பந்தயத்தில் இறங்க வேண்டுமா?

செப்டெம்பர் 5 க்குப் பிறகு கிளம்புங்கள். ரோமில் பகல் வெப்பம் இருபத்தேழு, இருபத்தெட்டு என்று இறங்கியிருக்கும், பள்ளிக்கூடங்கள் திறக்கிற காலமாதலால் இத்தாலியக் குடும்பங்கள் வீடு திரும்பியிருக்கும், கடல் மட்டும் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும், ஏனென்றால் கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாகத்தான் ஆறும். உங்கள் விடுதியிலும் அப்போது ஆள் குறையத் தொடங்கும். செப்டெம்பர் கடைசியில் இடியோடு மழை வரலாம், ஒரு குடையை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது ஊர்கள். ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு மாறுகிற ஒவ்வொரு தடவையும் அரைநாள் போய்விடும்: பெட்டி கட்ட வேண்டும், அறையை ஒப்படைக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும், புது ஊரில் அறை தேட வேண்டும், தேடிப் போனால் மத்தியானம் தாண்டித்தான் சாவி தருவார்கள். எட்டு ஊர் என்றால் நீங்கள் பார்க்கப்போவது இத்தாலியின் ரயில் நிலையங்களைத்தான். நான்கு ஊர் போதும். வடக்கா தெற்கா என்று ஒன்றைத் தீர்மானியுங்கள். என்னைக் கேட்டால் தெற்கு: ரோமில் நான்கு இரவு, நேப்பிள்ஸில் மூன்று, பலேர்மோவில் நான்கு, கடைசியில் சிராக்கூசாவில் மூன்று. டிக்கெட் போடும்போது இறங்குவது ரோம், திரும்பி ஏறுவது கத்தானியா (சிராக்கூசாவுக்குப் பக்கத்து விமான நிலையம்) என்று கேளுங்கள், இஸ்தான்புல் வழியாக அப்படி எடுக்கலாம். வந்த வழியே ரோமுக்குத் திரும்பி ஓடுகிற ஒரு நாள் மிச்சம்.

ரோமிலிருந்து நேப்பிள்ஸ் அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணித்தியாலம்கூட இல்லை. அங்கிருந்து பொம்பேயி பக்கம்தான். கி.பி. 79 இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த ஊர். இப்போது ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை, டிக்கெட்டில் பெயரும் இருக்கும், ஆகவே முன்பே எடுத்துவிடுங்கள். காலை திறந்தவுடன் போய் வெயில் ஏறுமுன் வெளியே வந்துவிடுவது நல்லது. அப்புறம் நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள், செவ்வாய்க்கிழமை மட்டும் பூட்டு. பொம்பேயி வீடொன்றில் கிடைத்த, இந்தியாவில் செதுக்கிய யானைத் தந்தப் பெண் சிலை ஒன்று அங்கே இருக்கிறது, ஒரு சாணைவிடக் கொஞ்சம் உயரம். எரிமலை வெடிக்கு முன்பே நம் பக்கத்துக் கடல் வழியாக மிளகோடு மிளகாக அந்தச் சிலையும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கொலோசியத்துக்கு முன்னால் நிற்கிற கூட்டத்தில் கால்வாசி இதன் முன்னால் நிற்காது.

நேப்பிள்ஸிலிருந்து பலேர்மோவுக்கு இரவுக் கப்பல் உண்டு, ஏறிப் படுத்தால் காலையில் இறங்கலாம். அம்மாவுக்கு அது சுகம். பகலில் போக விரும்பினால் ரயில். சிசிலியைப் பெருநிலத்திலிருந்து பிரிக்கிற மெசினா நீரிணையில் ரயில் பெட்டிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கப்பலுக்குள் தள்ளி அக்கரையில் மறுபடி கோக்கிறார்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நாங்கள் பஸ்ஸோடு பாதையில் (மிதவைப் படகில்) ஏறி அக்கரை போனோமே, அதே கதைதான், பஸ்ஸுக்குப் பதில் ரயில். அங்கேயும் பாலம் கட்டுகிற பேச்சு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. நாள் முழுக்கப் போய்விடும் பயணம், ஆனாலும் நான் ரயிலையே சொல்வேன்.

வெனிஸை விட மனமே வரவில்லை என்றால் தெற்கை முழுதாக விடுங்கள். ரோம், புளோரன்ஸ், வெனிஸ் மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று ஒன்றரை, இரண்டேகால் மணித்தியாலம். பகல் மட்டும் வந்து போகிறவர்களிடம் வெனிஸ் 2024 முதல் வாங்குகிற நுழைவுக் கட்டணம் இதுவரை வசந்த காலத்திலும் கோடைத் தொடக்கத்திலும் குறித்த சில நாட்களுக்கே இருந்திருக்கிறது, செப்டெம்பர்க்காரருக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. மற்ற ஊர்களை அடுத்த முறை பாருங்கள். ரோமாபுரி எங்கும் ஓடாது.

உவர்மலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை

கேள்வி: தங்கை பலேர்மோவில் இருக்கிறாள். செப்டெம்பரில் ஒரு மாதம் அவளோடு தங்க ஆசை. விசாவுக்கு எப்போது போட வேண்டும்? வங்கிக் கணக்கில் காசு கூட்டிக் காட்டலாம் என்று ஒருவர் சொல்கிறார், காட்டலாமா?

பதில்: ரீச்சர், அந்த ஒருவரை முதலில் தள்ளி வையுங்கள். விண்ணப்பத்துக்கு முந்திய கிழமை எங்கிருந்தோ வந்து விழுந்த ஐந்து லட்சத்தை விசா அதிகாரி பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார், அவருக்கு அதுதானே தொழில். மாதாமாதம் ஓய்வூதியம் விழுகிற கணக்கு, சின்னத் தொகையானாலும், அதைவிட நம்பிக்கை தரும்.

பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாளுக்குப் பிந்தக் கூடாது. செப்டெம்பர் பயணத்துக்கு மார்ச்சிலேயே கதவு திறந்துவிடுகிறது. பொதுவாகப் பதினைந்து நாளில் முடிவு சொல்வார்கள், சில விண்ணப்பங்களுக்கு நாற்பத்தைந்து நாள்வரை எடுக்கலாம். கோடையில் எல்லோரும் ஒன்றாகப் போடுவதால் நேரம் கிடைப்பதே கஷ்டம், ஆகவே மே மாதத்தைத் தாண்டவிடாதீர்கள். கைரேகை கொடுக்க நீங்களே கொழும்புக்குப் போக வேண்டும், ஏற்கெனவே ஷெங்கன் விசாவுக்கு (இத்தாலி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) கொடுத்து 59 மாதம் ஆகவில்லை என்றால் அது பெரும்பாலும் தேவைப்படாது.

கட்டணம் 2024 யூன் முதல் 90 யூரோ. விசா மறுத்தாலும் திரும்ப வராது. விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கடவுச்சீட்டு பத்து வருடத்துக்குள் எடுத்ததாகவும், நீங்கள் திரும்புகிற நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாகிறதாகவும், இரண்டு வெற்றுப் பக்கத்தோடும் இருக்க வேண்டும். பயண மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. தங்கை தரப்பிலிருந்து அழைப்புக் கடிதம், அவருடைய வதிவிட அனுமதியின் பிரதி, வீட்டு முகவரிக்கு ஆதாரம். உங்கள் தரப்பிலிருந்து நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்குக் கண்ணுக்குத் தெரிகிற காரணங்கள்: ஓய்வூதியப் பத்திரம், வீட்டு உறுதி, இங்கே இருக்கிற பிள்ளைகள். டிக்கெட்டுக்கு முழுக் காசையும் கட்டிவிட்டு விசாவுக்குப் போகாதீர்கள், முன்பதிவு போதும்.

இன்னொன்று, பலர் மறந்துவிடுவது. உங்களை வீட்டில் தங்கவைக்கிற தங்கை, நீங்கள் வந்து 48 மணித்தியாலத்துக்குள் பொலிஸுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும், அது அந்நாட்டுச் சட்டம். ஹோட்டலில் தங்கினால் ஹோட்டல்காரரே அறிவித்துவிடுவார், வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர் பொறுப்பு. ஜெர்மனி போன்ற வேறு ஷெங்கன் நாட்டில் இறங்கி அங்கிருந்து இத்தாலிக்குள் போனால், நீங்களும் எட்டு நாளுக்குள் உங்கள் வருகையை அறிவிக்க வேண்டும்.

திருகோணமலை நகரத்திலிருந்து ஒரு தம்பி

கேள்வி: இனி ஐரோப்பா போக எட்டியாஸ் என்று ஒன்று எடுக்க வேண்டுமாமே? இத்தாலியில் கார் எடுத்து ஓடலாமா?

பதில்: எட்டியாஸ் என்பது, விசா தேவைப்படாத நாட்டவர்கள் போகுமுன் அனுமதி எடுப்பதற்கு வருகிற ஏற்பாடு. நமக்கு விசாவே வேண்டும், அதனால் அது நமக்கில்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: 2025 ஒக்டோபர் 12 முதல் எல்லையில் முகப்படம் எடுத்து உள்ளே வந்த நாளையும் போன நாளையும் கணினியில் பதிகிற முறை தொடங்கியிருக்கிறது. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான், அதுவும் விசாவில் எழுதிய நாட்களுக்கு உட்பட்டு. முத்திரையைப் பார்த்து விரல்விட்டு எண்ணிய காலம் முடிந்தது.

கார் ஓடலாம். நமது சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சர்வதேச அனுமதியும் வேண்டும், கொழும்பில் இலங்கை ஒட்டோமொபைல் சங்கத்தில் எடுக்கலாம். ஆனால் ஏன் ஓட வேண்டும் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. அங்கே ஓடுவது வலப்பக்கம். ஊர்களின் பழைய நடுப்பகுதிகளில் வெளி வாகனம் நுழையக் கூடாத வலயங்கள், வாயிலில் கமெரா. தெரியாமல் நுழைந்தால் அந்த நேரம் ஒன்றும் நடக்காது, மாதக் கணக்கில் கழித்துத் தண்டம் வீட்டு முகவரிக்கு வரும், கார் கொடுத்த கம்பெனி உன் விவரத்தைக் கொடுத்ததற்கென்று தனியாக ஒரு தொகையை அட்டையில் வெட்டும். ரயிலும் பஸ்ஸும் போதும். அதிவேக ரயில் டிக்கெட் நாள் நெருங்க நெருங்க விலை ஏறும், முன்பே எடு. உள்ளூர் ரயில் எப்போது எடுத்தாலும் ஒரே விலை, அவசரம் இல்லை, ஆனால் காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் மேடையில் இருக்கிற சின்ன இயந்திரத்தில் குத்திக்கொள். குத்தாமல் ஏறினால் டிக்கெட் இருந்தும் தண்டம்.

பாலையூற்றிலிருந்து ஒரு வாசகி

கேள்வி: பலேர்மோவில் தமிழர்கள் மலையேறிப் போகிற மாதா கோயில் இருக்கிறதாமே. எப்போது போகலாம்?

பதில்: மாதா இல்லை அக்கா, புனித ரொசாலியா. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மொந்தே பெலெக்ரீனோ மலைக் குகையில் தனியாகத் தவமிருந்த பெண் என்பது மரபு. 1624 இல் பலேர்மோவைக் கொள்ளைநோய் வாட்டியபோது அவருடைய எலும்புகள் அந்த மலையில் கிடைத்தன, அடுத்த வருடம் அவற்றை நகரத்தில் ஊர்வலமாகக் கொண்டுபோனதும் நோய் அடங்கியது என்று நம்புகிறார்கள். நகரத்துப் பெரிய விழா யூலை 14, 15 இல். அவருடைய திருநாள் செப்டெம்பர் 4, அதற்கு முந்திய இரவு மக்கள் கல் பாவிய பழைய பாதையில் நடந்தே மலையேறுவார்கள், சிலர் வெறுங்காலோடு. பலேர்மோத் தமிழர்களில் கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவர்களும் பிள்ளைகுட்டியோடு நேர்த்தி வைத்து ஏறுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளிலும் காணலாம். கோயிலே ஒரு குகை, பாறையிலிருந்து சொட்டுகிற நீரைத் தகரப் பீலி வைத்துப் பிடித்து ஓடவிட்டிருப்பதைப் பாருங்கள். மலை அறுநூறு மீற்றர் உயரம், முழங்கால் நோகிறவர்களுக்கு நகரப் பஸ் மேலே போகிறது.

உங்களைப் போன்றவர்களுக்கு நான் மேலே சொன்ன பாதையைத் தலைகீழாகப் போடச் சொல்வேன். செப்டெம்பர் 3 க்கு முன் பலேர்மோவில் இறங்கி, பிறகு ஆறுதலாக வடக்கே ஏறி, 19 ஆம் தேதிக்கு நேப்பிள்ஸில் நில்லுங்கள். அன்று புனித ஜனாரியுஸ் திருநாள், குப்பியில் உறைந்திருக்கிற அவருடைய இரத்தம் இளகுகிறதா என்று பேராலயத்தில் ஊரே காத்திருக்கும். அதோடு ரோம், வத்திக்கான். தோளையும் முழங்காலையும் மூடுகிற உடை போட்டுப் போக வேண்டும், அதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கூட வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்

கேள்வி: ஹலால் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: ரோமில் டெர்மினி நிலையத்தைச் சுற்றிய தெருக்களிலும் பலேர்மோவின் பல்லரோ சந்தைப் பக்கத்திலும் வங்காள தேசத்தவர், வட ஆபிரிக்கர் கடைகள் இருக்கின்றன, கஷ்டமில்லை. ரோமில் 1995 இல் திறந்த பெரிய பள்ளிவாசலும் உண்டு, ஐரோப்பாவின் மிகப் பெரிய பள்ளிவாசல்களில் ஒன்று. மற்ற இடங்களில் மீனை நம்பலாம். பன்றிக் கொழுப்பு, ஸ்ட்ரூட்டோ என்பார்கள், சில பாண் வகையிலும் பலகாரத்திலும் சேரும், மீன் சமைக்கும்போது வைன் ஊற்றுவதும் சாதாரணம், இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். நேரமிருந்தால் சிசிலியின் மேற்குக் கரைக்குப் போங்கள். த்ராபனிப் பக்கத்தில் மீன் ரசம் ஊற்றிய குஸ்குஸ்தான் ஊர்ச் சாப்பாடு, மசாரா தெல் வால்லோவில் தூனிசியாவிலிருந்து வந்த மீனவர் குடும்பங்கள் தலைமுறையாக வாழ்கின்றன. மீன்பிடி ஊரிலிருந்து போகிற உங்களுக்கு அந்தத் துறைமுகத்தில் கதைக்க விஷயம் இருக்கும்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகர்

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

பதில்: பட்டினி இல்லை. பலேர்மோவில் கடலை மாவில் சுட்டுப் பாணுக்குள் வைத்துத் தருகிற பனெல்லே, கத்தரிக்காயும் புளிப்பும் இனிப்புமாகக் கபொனாத்தா, தக்காளி உள்ளி மட்டும் போட்ட மரினாரா பீட்சா (பெயரைப் பார்த்து மீன் என்று பயப்பட வேண்டாம், சீஸ்கூட இல்லை) என்று நிறைய இருக்கிறது. ஆனால் பார்மெசான் சீஸில் கன்றுக்குட்டி இரைப்பையிலிருந்து எடுக்கிற பொருள் சேர்கிறது, மேலே தூவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூப்பில் இறைச்சி வடித்த நீர் இருக்கலாம். சமையலறையோடு வாடகை வீடு எடுத்தால் ஒரு நேரமாவது சோறு சமைக்கலாம். மேசையில் உட்கார்ந்தாலே ஆளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று யூரோ என்று பில்லில் 'கொபெர்த்தோ' விழும், ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

சாம்பல்தீவிலிருந்து ஒரு வாசகி

கேள்வி: மகளுக்குக் கருவாடு, கறிவேப்பிலை, மாம்பழம், நெய் கொண்டுபோகலாமா?

பதில்: கருவாடு கொண்டுபோகலாம், சொந்தப் பாவனைக்கு இருபது கிலோவரை. அடுத்த இருக்கைக்காரருக்காக நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள். நெய், பால்மா, இறைச்சி எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள். கறிவேப்பிலையும் மாம்பழமும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் போகாது, பறிப்பது மட்டுமல்ல, தண்டமும் வரலாம். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, முள்நாறிப்பழம், பேரீச்சம்பழம் ஐந்துக்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. மிளகாய்த்தூளும் தொதலும் தாராளமாகப் போடுங்கள்.

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர்

கேள்வி: இங்கே இவ்வளவு கடலை வைத்துக்கொண்டு அங்கே கடல் பார்க்கக் காசு செலவழிப்பது வீண்தானே?

பதில்: மணலுக்காகப் போனால் வீண். நம்முடையதுபோல நீண்ட வெண்மணல் அங்கே எல்லா இடத்திலும் இல்லை, அமால்ஃபியிலும் தாவோர்மினாவிலும் கூழாங்கல், ரப்பர் செருப்பு இல்லாமல் தண்ணீருக்குள் கால் வைக்க முடியாது. அதோடு கரையின் பெரும்பகுதியைக் குடை வரிசைகள் பிடித்திருக்கும், குடைக்கும் படுக்கைக்கும் நாள் வாடகை. 'ஸ்பியாஜ்யா லீபெரா' என்று பலகை போட்ட பகுதி இலவசம், காலையிலேயே போனால் இடம் கிடைக்கும். பலேர்மோக்காரர் குளிக்கப் போகிற மொந்தெல்லோ ஒன்று நல்ல மணல். செப்டெம்பர் நடுவில் பல இடங்களில் குடைகளைக் கழற்றத் தொடங்கிவிடுவார்கள், அதற்குப் பிறகு போனால் கரை உங்களுக்கே.